தவில் அண்ணையை இருக்க விடாதேங்கோ

மற்றவர்களுடைய காலைத் தூக்கி வைத்துச் சம்பளம் வாங்குகிற வேலை என்னுடையது. மொன்றியலின் சென்ட் லோரன்டில், தொழிற்சாலைகளுக்கு நடுவில், ஒரு பிசியோதெரபி நிலையம். அங்கே நான் உதவியாள். கட்டில் துடைப்பேன், சூட்டுப் பை சுற்றிக் கொடுப்பேன், துவாய் மடிப்பேன், எழும்ப ஏலாதவர்களுக்குத் தோள் கொடுப்பேன். தமிழ் ஆட்கள் வந்தால், எங்கள் பிசியோ, மார்ட்டீன் என்கிற பெண், பிரெஞ்சில் சொல்வதைத் தமிழில் சொல்வதும் என் பாடுதான்.

எனக்குப் படிப்புக் குறைவு. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் பாதியில் நின்றுவிட்டது. பிரெஞ்சு இங்கே வந்த பிறகு வகுப்பில் படித்தது. மகளை கார்டெறியில், பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இடத்தில், சேர்த்த பிறகுதான் வேலை தேடினேன். கூச்சம் வேறு. ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க வராது. வேலை கேட்டுப் போன அன்று மார்ட்டீனின் சப்பாத்தைப் பார்த்துத்தான் எல்லாப் பதிலும் சொன்னேன். நல்ல சப்பாத்து. அப்படி இருந்தும் வேலை தந்தா. இதே மாதிரி ஆட்களைத் தூக்கி இறக்குகிற வேலை செய்கிற நீங்கள் யாராவது இதை வாசித்தால், ஒரு கையால் நாரியை, நோகிற முதுகின் அடியை, பிடித்துக்கொண்டுதான் வாசிப்பீர்கள். எனக்குத் தெரியும்.

கிண்ணமும் பந்தும்

வேலைக்கு வந்த முதல் கிழமை மார்ட்டீன் ஒரு பிளாஸ்டிக் எலும்பைக் கையில் தந்தா. இடுப்பையும் தொடையையும் சேர்க்கிற மூட்டு. தொடை எலும்பின் தலை ஒரு பந்து. அது போய் இருக்கிற குழி ஒரு கிண்ணம். கிண்ணம் ஆழம்தான். ஆனால் கிண்ணத்தை மட்டும் நம்பி நடக்க ஏலாது. சுற்றிவர மூன்று பெரிய நார் கட்டி வைத்திருக்கிறது, முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று. எலும்பை எலும்போடு கட்டுகிற இந்த நாரைத்தான் லிகமென்ட் என்கிறார்கள். முன்னுக்கு இருப்பதில் ஒன்று, குருவிக்குக் கல் அடிக்கிற கெற்றப்போலின் கவைத் தடியைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருக்கும். உடம்பிலேயே பலமான லிகமென்ட் அதுதானாம்.

நாங்கள் நிமிர்ந்து நிற்கும்போது இந்த நார்கள், ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முறுகி, பந்தைக் கிண்ணத்துக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். கதிரையில் உட்கார்ந்து இருந்தவுடன் முறுக்கு அவிழ்ந்துவிடும். நான் அதுவரைக்கும் எதிர்மாறாக நினைத்திருந்தேன். நிற்பது மூட்டுக்குத் தண்டனை, இருப்பது ஆறுதல் என்று. "அப்ப நிக்கேக்கதான் மூட்டுக்குப் பாதுகாப்போ?" என்று சப்பாத்தைப் பார்த்துக் கேட்டேன். மார்ட்டீன் யன்னலால் வெளியே பனியில் பஸ்ஸுக்கு நின்ற சனத்தைக் காட்டினா. "இந்த நார் இல்லாட்டி, எங்கட பஸ் வாறதுக்குள்ள அந்த வரிசையில ஒருத்தரும் நிமிர்ந்து நிக்க மாட்டினம்."

தவில் அண்ணை வந்தார்

அந்தக் குளிர்காலத்தில்தான் தவில் அண்ணை வந்தார். கோயிலில் தவில் அடிக்கிறவர். மொன்றியலில் தமிழ்க் கலியாணம் கண்டவர்கள் எல்லோரும் அவருடைய தவிலைக் கேட்டிருப்பார்கள். ஐஸ் றோட்டில் அவர் போன வான் சறுக்கிப் போய் மின்கம்பத்தில் இடித்திருக்கிறது. இடது முழங்கால் முன் பலகையில் மோத, தொடை எலும்பின் பந்து பின்பக்கமாகக் கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. எலும்பு உடையவில்லை. ஆஸ்பத்திரியில் பந்தை உள்ளே போட்டுவிட்டார்கள். ஆனால் சுற்றியிருந்த நார் கிழிந்துபோய் இருந்தது. இரண்டு ஊன்றுகோலும், பக்கத்தில் பெஞ்சாதி மங்கை அக்காவும் தாங்க, ஒருமாதிரி உள்ளே வந்தார்.

கோடையில் தேர்த் திருவிழா. தேருக்கு முன்னால் றோட்டுச் சுற்றி, தவிலைத் தோளில் மாட்டி, நின்றும் நடந்தும் அடிக்க வேண்டும். அவரால் ஏலாது என்றால் ரொறன்ரோவில் இருந்து ஒரு தம்பியைக் கூப்பிடுவோம் என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள். இந்த ஊரில் தேர் தொடங்கின நாளில் இருந்து ஒருமுறையும் அவர் அதை இன்னொருத்தருக்கு விட்டது கிடையாது. மார்ட்டீன், "பந்து ஒருக்கா வெளியில வந்தால் இன்னொருக்கா வாறது லேசு. நார் ஆறும் வரைக்கும் கவனம். ஆறினால் தேருக்குப் போகலாம்," என்றா. அதை நான் தமிழில் சொன்னேன். அண்ணை காதைச் சாய்த்தார். திரும்பச் சொன்னேன். திரும்பச் சாய்த்தார். பிறகு மங்கை அக்காவிடம் கேட்டார்: "இந்தப் பிள்ளை கதைக்குதோ, இல்லாட்டி வாய்க்குள்ள தேவாரம் படிக்குதோ?"

வார்

மார்ட்டீனின் சட்டங்கள் லேசானவை, கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். முழங்கால் இடுப்பை விட உயரப் போகக் கூடாது. பதிந்த, உயரம் குறைந்த கதிரையில் இருக்கக் கூடாது. காலுக்கு மேல் கால் போடக் கூடாது. பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. குனிந்து சப்பாத்துக் கழற்றக் கூடாது. அண்ணை எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். எங்கள் ஆட்கள் "ஓம், ஓம்" என்றால் கேட்கவில்லை என்று அர்த்தம். அதை மார்ட்டீனுக்கு எப்படிச் சொல்வது?

மார்ட்டீன் பிளாஸ்டிக் மூட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தா. நிற்கிற மாதிரிப் பிடித்தால் நார் இறுகியது. மடக்கிப் பிடித்தால் தளர்ந்தது. அண்ணை மடக்கினார், நிமிர்த்தினார், மடக்கினார், நிமிர்த்தினார். பந்தை விரலால் தட்டிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. "இதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை," என்றார் என்னைப் பார்த்து, நான்தான் மூட்டைக் கண்டுபிடித்த ஆள் மாதிரி. "தவிலுக்கு வார் இழுத்துக் கட்டினால்தான் தோல் நிக்கும். வார் தளர்ந்தால் தோல் தளர்ந்திடும். நான் இருந்தால் என்ர வார் தளருது. அவ்வளவுதானே?"

"இருங்கோ, இருங்கோ"

இரண்டு ஊன்றுகோல் ஒன்றாகி, நல்லாகத்தான் வந்துகொண்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை பார்த்தால் திரும்பவும் இரண்டு. முகம் வெளுத்துப் போயிருந்தது. லொங்குய்யில் மச்சான் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். "இருங்கோ, இருங்கோ" என்று சொல்லிப் புதுச் சோபாவில் இருத்திவிட்டார்கள். அந்தச் சோபாவில் ஆள் இருந்தால் கிணற்றுக்குள் போன மாதிரி. முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. அதோடு, குட்டி மேசையில் இருந்த வடைத் தட்டை எட்டி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எட்டினாராம். மூட்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். மூன்று பேர் சேர்ந்துதான் எழுப்பினார்களாம்.

மார்ட்டீன் கட்டிலில் படுக்க வைத்து மெதுவாகச் சோதித்தா. பந்து வெளியே வரவில்லை. ஆனால் ஆறிவந்த நார் திரும்ப நொந்துபோயிருந்தது. "இன்னொருக்கா இப்பிடி நடந்தால், தேரை யோசிக்கவே வேண்டாம்," என்றா. அதைத் தமிழில் சொல்லாமல் துவாய் மடிக்கப் போய்விட்டேன். நான் சொல்லாமலே அண்ணைக்கு விளங்கிவிட்டது. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "ஏன் நிண்டுகொண்டு கதைக்கக் கூடாது?" என்று மார்ட்டீன் கேட்டா. "ஒரு வீட்டுக்குப் போய் இருக்காமல் வந்தால், அந்த வீட்டோட கோபம் எண்டு அடுத்த நாளே ஊரெல்லாம் கதைக்கும்," என்றார் அண்ணை. "டொக்டர் சொன்னவர் எண்டு சொல்லுங்கோ," என்றா மார்ட்டீன். மங்கை அக்கா தலையில் கை வைத்தா. "சொல்லாமல் விட்டனாங்களே? 'டொக்டர் இஞ்சை வந்து பாக்கவே போறார், நீங்கள் சும்மா இருங்கோ' எண்டு தோளைப் பிடிச்சு இருத்துகினம்."

நான் மூலையில் துவாய் மடித்தபடி இரண்டு பக்கக் கதையையும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் யோசனையை ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் வாய் தானாகத் திறந்துவிட்டது. "தேர் முடியுமட்டும் போற வீடு ஒண்டிலயும் இருக்கிறதில்லை எண்டு நேர்த்தி எண்டால்... ஒருத்தரும் வற்புறுத்த மாட்டினம்." மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் துவாய்க்குள் முகத்தைப் புதைக்க வேண்டும் போல் இருந்தது. மார்ட்டீனுக்கு நேர்த்தி என்றால் என்னவென்று விளங்கப்படுத்தினேன், கடவுளுக்குக் கொடுக்கிற வாக்கு என்று. மங்கை அக்காவுக்கு உடனே பிடித்துவிட்டது. அண்ணை கையைக் கட்டிலில் ஊன்றி, மார்ட்டீன் சொல்லிக் கொடுத்த மாதிரிப் பக்கவாட்டில் எழும்பினார். "பொய் நேர்த்தி சொல்லக் கூடாது பிள்ளை. நான் உண்மையாவே வைக்கிறன்."

நேர்த்தியின் மகிமை

டொக்டர் சொல்லி நடக்காதது, பிசியோ சொல்லி நடக்காதது, நேர்த்தி சொல்லி நடந்தது. ஒரு வீட்டிலும் அவரை இருக்கச் சொல்லவில்லை. வாசலில் சப்பாத்துக் கழற்றவும் வயதுபோன மனிசிமார் ஓடிவந்து பொடியன்களை ஏவினார்கள். அவருக்குக் குனிகிற வேலையும் மிச்சம். தேத்தண்ணியும் வடையும் அவர் நெஞ்சு உயரத்துக்கு வந்தன. அவர் போன வீட்டின் நடுவில் நிமிர்ந்து நிற்பார், நார் தன் பாட்டுக்கு இறுகிப் பந்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கால் களைத்தால் கொஞ்சம் நடப்பார். தன் வீட்டுக்குப் போய், மார்ட்டீன் சொன்ன உயரமான கதிரையில் இருப்பார், அல்லது படுப்பார். கிழமைக்குக் கிழமை கால் தெளிந்துகொண்டு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் என் மனிசனுக்கு மூன்று தரம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். ஒரே ஒரு ஆள்தான் முறைப்பாட்டோடு வந்தா, மங்கை அக்கா. "அவர் நிக்கிறார் எண்டு வீட்டுக்காரரும் மரியாதைக்கு நிக்கினம். எல்லாரும் நிக்க நான் மட்டும் எப்பிடியடியம்மா இருக்கிறது? இப்ப எனக்கெல்லோ கால் நோகுது!"

பேராசிரியர் சேர்

பியர்பொன்ட்ஸில் இருந்து ஒரு பேராசிரியர் வருவார். தமிழ்நாட்டுக்காரர், ஓய்வு பெற்றவர், நல்ல மனுசன். அவருக்கும் இடுப்பு மூட்டில்தான் நோவு. கிழிந்த நாரை யாரும் பயிற்சி செய்து தடிப்பாக்க ஏலாது, சுற்றியுள்ள சதையைப் பலமாக்கினால் நாரின் பாரம் குறையும் என்று மார்ட்டீன் இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்திருந்தா. கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது, படுத்துக்கொண்டு இடுப்பைத் தூக்குவது, பக்கவாட்டில் காலை உயர்த்துவது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் செய்தால் போட்டிதான். நான் நடுவில் நிற்பேன், யார் விழுந்தாலும் பிடிக்க.

ஒரு நாள் அண்ணை கம்பியை விட்டுவிட்டு, சுகமில்லாத காலில் தனியாக நின்றார். வாயால் "தா திமி" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு நின்றார். இடுப்பில் ஒரு ஆட்டம் இல்லை. பேராசிரியர் சேர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து ரகசியம் மாதிரிச் சொன்னார். "இவர் நேர்த்தி நேர்த்தின்னு சொல்றார், ஆனா எக்ஸர்சைஸ் ஒண்ணு விடாம பண்ணிடறார். நான் தினம் பூஜை தவறாம பண்றேன், எக்ஸர்சைஸை மட்டும் நாளைக்குன்னு விட்டுடறேன்."

கட்டிலுக்குப் பக்கத்தில் மேளம்

தேருக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மார்ட்டீன் ஒரு யோசனை சொன்னா. தவிலின் பாரம் தோளில் தொங்கினால் இடுப்பு எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும், கொண்டு வாங்கோ. அடுத்த தரம் அண்ணை வெள்ளை வேட்டியோடு வந்தார். மங்கை அக்கா பின்னால் தவிலைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்தா. விரல்களுக்குக் கூடு மாட்டி, தடியை எடுத்து, பட்டியைத் தோளில் போட்டார். நான் மகளுக்குக் குளிருடுப்புப் பூட்டுகிற பழக்கத்தில் பட்டியின் கொளுவியை இழுத்துப் பார்த்தேன். மார்ட்டீன் நிலத்தில் குந்திக்கொண்டு அவருடைய காலையே பார்த்தா.

அடிக்கத் தொடங்கினார். யன்னல் அதிர்ந்தது. சூட்டுப் பைப் பெட்டியின் மூடி குதித்தது. கட்டிலில் படுத்திருந்தவர்கள் எழும்பி இருந்தார்கள். மேல்மாடிப் பல் வைத்தியர் முறைப்பாடு சொல்ல ஓடி வந்து, கதவடியில் நின்றபடியே தலையாட்டத் தொடங்கிவிட்டார். அண்ணைக்கு உரு ஏறியது. ஏற ஏறத் தவிலுக்கு மேல் குனிந்தார். குனியக் குனிய இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியது. குனிந்து, பாதம் உள்ளே திரும்பினால் பந்து பின்னால் வர வழி தேடும். மார்ட்டீன் பிரெஞ்சில் கத்தினா, அவருக்கு விளங்கவில்லை. என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. "அண்ணை! நிமிருங்கோ! காலை வெளியில திருப்புங்கோ!" என்று கத்திவிட்டேன். தவில் நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். காலும் சரியான இடத்துக்கு வந்துவிட்டது. அண்ணை கதவுப் பக்கம் பார்த்தார். "ஆர் கத்தினது? மங்கையோ?" மங்கை அக்கா சிரிக்காமல் சொன்னா: "நானில்லை. நான் வீட்டிலதான் கத்துறனான்."

தேர்

தேர் அன்று வெயில் கொளுத்தியது. பொலிஸ்காரர் றோட்டை மறித்து நின்றார்கள். நான் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, சனத்துக்குள் இடிபட்டு, தவில் தெரிகிற இடத்துக்குப் போய்விட்டேன். முன்னால் நாதஸ்வரம், பக்கத்தில் இரண்டு தவில். ஒன்று அண்ணை. மற்றது ரொறன்ரோவில் இருந்து வந்த தம்பி. அண்ணைக்கு ஏலாமல் போனால் என்று முன்னெச்சரிக்கையாகக் கோயிலில் கூப்பிட்டு வைத்திருந்தார்கள். தம்பி நல்ல உடம்புக்காரன், புது வேட்டி, கறுப்புக் கண்ணாடி. அண்ணையைப் பார்த்து, "அண்ணை, ஏலாட்டிக் கண்ணைக் காட்டுங்கோ, நான் பாக்கிறன்," என்றானாம். அண்ணை "ஓம், ஓம்" என்றாராம்.

மார்ட்டீனும் வந்திருந்தா, சப்பாத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு. சனம் எல்லாம் தேரைப் பார்த்துக் கும்பிட, அவ மட்டும் அண்ணையின் இடுப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தா. "நார் நல்லாப் பிடிச்சிருக்கு, பார், முன்னுக்குச் சாயேல்லை," என்று என் காதில் சொன்னா. நானும் கும்பிட மறந்து காலைத்தான் பார்த்தேன். றோட்டுத் திரும்புகிற முதல் முடக்கில் தேர் நின்றது, அவர் நிறுத்தவில்லை. தேங்காய் உடைத்த இடத்தில், தண்ணியிலும் சிதறலிலும் சறுக்காமல் ஒரு எட்டு எடுத்து வைத்தார், கை நிற்கவில்லை. இரண்டாம் முடக்கில் யாரோ பாவம் பார்த்து ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டு ஓடிவந்து, "இருங்கோ அண்ணை, கொஞ்சம் இருங்கோ" என்றார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் தலையை மட்டும் அசைத்து, அந்தக் கதிரையைச் சுற்றிக்கொண்டு போய், இன்னும் பலமாக அடித்தார். நிமிர்ந்த இடுப்பு, வெளிப்பக்கம் பார்த்த பாதம். சனம் கை தட்டியது. மகளும் தட்டினாள். நானும் வெட்கம் இல்லாமல், "அடியுங்கோ அண்ணை!" என்று கத்தினேன்.

தேர் இருப்பிடத்துக்கு வருகிற கடைசி றோட்டு கொஞ்சம் மேடு. வடம் இழுத்தவர்களுக்கே மூச்சு வாங்கியது. அந்த இடத்தில்தான் அண்ணை தம்பியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, கண்ணை மூடி, வேகத்தைக் கூட்டினார். தம்பி பிடித்துப் பார்த்தான், கொஞ்சத் தூரம் பிடித்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றினான். வேர்வை வடிந்தது. ஒரு காலை மாற்றினான், மற்றக் காலை மாற்றினான். மெல்லக் கிட்டப் போய், எனக்கும் மார்ட்டீனுக்கும் கேட்கிற மாதிரியே கேட்டான்: "அண்ணை, எனக்குக் கால் விட்டுப் போச்சு. கொஞ்சம் நிப்பாட்டுவமோ?"

அண்ணைக்கு இனி எங்கள் கட்டில் தேவையில்லை. கடை வைத்திருக்கிறவர்கள் வந்த ஆள் திரும்பி வரவேண்டும் என்று கும்பிடுவார்கள், வந்த ஆளைச் சுகமாக்கினால் அந்த ஆளையே இழந்து போகிற தொழிலை நான் மட்டும் எங்கே தேடிப் பிடித்தேனோ தெரியாது.